விரலால் ஆரம்பித்துக் குரலால் ஜெயித்தவர்

நம்ம கல்லூரிக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் கண்டிப்பாக வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு. "மெக்கானிக்கல் படிச்சிட்டு கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து என்னடா பண்றே?" என்பதுதான் அது. சிவில் படித்தவர் வங்கியில் இருப்பார். எலெக்ட்ரிகல் படித்தவர் சிவில் சர்வீஸில் இருப்பார். கெமிக்கல் படித்த ஒருவர் சொந்தமாக ஓட்டலே நடத்துவார். மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிக் காலம் தள்ளும் நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அதனாலேயோ என்னவோ, கற்ற வித்தை ஒன்று, பெயர் வாங்கிக் கொடுத்த வித்தை வேறொன்று என்று அமைந்துவிட்ட மனிதர்களின் சரித்திரம் என்றால் எனக்குத் தனி ஈர்ப்பு. அந்த வரிசையில் நான் முதலிடம் கொடுப்பது அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் அவர்களுக்கு.

பாடகர் என்றா சொன்னேன்? உலகம் அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். டிசம்பர் பிறந்தால் கடை கடையாக, லிஃப்ட் லிஃப்டாக ஒலிக்கும் 'தி கிறிஸ்மஸ் சாங்' இவர் பாடியதுதான். ஆனால் 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க ஜாஸ் ரசிகர்களிடம் இவர் பெயரைச் சொல்லியிருந்தால், "ஆஹா, என்ன பியானோ!" என்றுதான் பதில் வந்திருக்கும். அந்தப் பியானோ எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

நதானியேல் ஆடம்ஸ் கோல்ஸ் என்பது இயற்பெயர். 1919 மார்ச் 17ஆம் தேதி அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் பிறந்தார். தந்தை எட்வர்ட் பாப்டிஸ்ட் சபைப் போதகர். தாயார் பெர்லினா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். தென் மாநிலங்களின் நிறவெறிக் கொடுமையிலிருந்து விலகி, பிழைப்புத் தேடி லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே குடிபெயர்ந்த காலம் அது. நாட் சிறு பிள்ளையாக இருக்கும்போதே கோல்ஸ் குடும்பமும் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தது.

அம்மாவிடம்தான் முதல் பாடம். சுமார் பன்னிரண்டு வயதில் முறையான பயிற்சி தொடங்கியது. பாக் முதல் ராக்மானினாஃப் வரை மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் எல்லாம் கற்றுக்கொண்டார். ஆனால் பையனின் மனசு போனது வேறு பக்கம். சிகாகோவின் பிரான்ஸ்வில் பகுதியில் இரவு விடுதிகள் ஏராளம். உள்ளே போகும் வயசும் இல்லை, காசும் இல்லை. வெளியே நின்று லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கையும் ஏர்ல் ஹைன்ஸையும் கேட்பார். இதில் ஹைன்ஸ்தான் அவருடைய மானசீக குரு. பியானோவை டிரம்பெட் மாதிரி, ஒற்றை ஒற்றை ஸ்வரமாகப் பளிச்சென்று பேச வைத்தவர் ஹைன்ஸ். ஏகலைவன் கதைதான், போங்கள்! நல்ல வேளை, இங்கே கட்டை விரலை யாரும் கேட்கவில்லை.

1936ல், பதினேழு வயதில், அண்ணன் எட்டியின் குழுவோடு முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 'ஷஃபிள் அலாங்' என்ற மேடை நாடகத்தின் குழுவில் பியானோக்காரராகச் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். அந்தக் குழுவில் நடனமாடிய நாடீன் ராபின்சனைத் திருமணமும் செய்துகொண்டார். 1937ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் வந்தபோது நாடகக் கம்பெனி நொடித்துப் போனது. ஊர் திரும்பாமல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலேயே தங்கி, கிடைத்த இடத்தில், கிடைத்த பியானோவில் வாசித்து வயிறு வளர்த்தார். அப்போது வயது பதினெட்டு.

டிரம் இல்லாத மூவர்

1937ல் ஸ்வானீ இன் என்ற விடுதியில் வாசிக்க ஒரு சிறு குழு தேவைப்பட்டது. கிடாருக்கு ஆஸ்கார் மூர், பேஸுக்கு வெஸ்லி பிரின்ஸ், பியானோவுக்கு நாட். டிரம் வாசிப்பவர் சொன்ன நேரத்துக்கு வராததால் மூவராகவே தொடங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. 'ஓல்டு கிங் கோல்' என்ற குழந்தைப் பாட்டு ஆங்கிலம் பேசும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோல்ஸ் என்ற குடும்பப் பெயரின் கடைசி எழுத்து போய், நடுவில் 'கிங்' வந்து உட்கார்ந்துகொண்டது. 'கிங் கோல் டிரியோ' பிறந்தது.

டிரம் இல்லாத ஜாஸ் என்றால் அன்றைக்கு ஆச்சரியம்தான். பெரிய பெரிய பிராஸ் கருவிகளோடு பதினைந்து பேர் சேர்ந்து முழங்கும் 'பிக் பாண்ட்' காலம் அது. இந்த மூவர் குழுவை நம்ம பொறியியல் பாஷையில் சொன்னால், தேவையில்லாத பாகத்தையெல்லாம் கழற்றிவிட்டு ஓட்டிய எஞ்சின். தாளத்தைத் தாங்க டிரம் இல்லாததால் ஒவ்வொருவரும் அந்தப் பாரத்தில் கொஞ்சம் கொஞ்சம் சுமந்தாக வேண்டும். பியானோவும் கிடாரும் ஒரே ஸ்வர வரிசையில் சேர்ந்து ஓடுவதும், ஒன்று பேசும்போது மற்றது ஒதுங்கி நிற்பதும் கேட்கக் கேட்கத் தெவிட்டாது. கோலின் வலது கை அதிகம் பேசாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

இதன் விளைவு சாமான்யமானதில்லை. கனடாவின் ஆஸ்கார் பீட்டர்சன் 1950களில் பியானோ, கிடார், பேஸ் என்று அமைத்துக்கொண்ட புகழ்பெற்ற மூவர் குழு, கோல் போட்ட பாதையில் வந்ததுதான். கண் பார்வையற்ற மேதை ரே சார்லஸ் தன்னுடைய ஆரம்ப காலத்தில் கோலை அப்படியே பிரதி எடுத்துப் பாடியும் வாசித்தும் வந்தார் என்பது அவரே சொன்ன விஷயம். 1944 ஜூலை 2ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் நார்மன் கிரான்ஸ் நடத்திய முதல் 'ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மானிக்' கச்சேரியில் பியானோவில் உட்கார்ந்திருந்தவரும் கோல்தான். அதன் இசைத்தட்டில் பெயர் மட்டும் 'ஷார்ட்டி நாடீன்'! வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் மனைவி பெயரை இரவல் வாங்கிக்கொண்டார்.

குரல் வந்த கதை

குடித்துவிட்டு வந்த ஒரு வாடிக்கையாளர் "பாடியே ஆகணும்" என்று அடம்பிடிக்க, வேறு வழியில்லாமல் கோல் 'ஸ்வீட் லொரெய்ன்' பாடினார், அன்றோடு பாடகர் ஆனார் என்று வெகு காலம் ஒரு கதை உலவியது. கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? கோலும் அப்படித்தான் நினைத்தார். கதை நன்றாக இருந்ததால் மறுக்காமல் விட்டுவிட்டேன் என்று பின்னாளில் சொன்னார். உண்மை அவ்வளவு சுவாரசியமில்லை. வாத்திய உருப்படிகளுக்கு நடுவே ஒரு மாறுதலுக்காக அவ்வப்போது பாடுவார். ஜனங்களுக்குப் பிடித்தது. கொஞ்சம் கூடுதலாகப் பாடினார். அவ்வளவுதான்.

1942ல் தொடங்கிய கேப்பிட்டல் ரிக்கார்ட்ஸ் கம்பெனி மறு வருடமே கோலை ஒப்பந்தம் செய்தது. 1943 நவம்பரில் பதிவான 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' அடுத்த ஆண்டு வெளிவந்து நாடு முழுக்கப் பிரபலமானது. கழுகின் முதுகில் சவாரி போகும் குரங்கு பற்றிய நாட்டுப்புறக் கதை அது. அப்பா பிரசங்கத்தில் சொன்னதைப் பிள்ளை பாட்டாக்கினார். வேடிக்கை என்னவென்றால், பணமுடை இருந்த நாளில் அந்தப் பாட்டின் உரிமையை வெறும் 50 டாலருக்கு ஏற்கெனவே விற்றிருந்தார்! பாட்டு ஓடியது, பணம் வேறு பக்கம் போனது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் தம்பிமார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

1946ல் 'தி கிறிஸ்மஸ் சாங்'. மெல் டார்மே, பாப் வெல்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கொளுத்தும் கோடையில் குளிரை நினைத்துக்கொண்டு எழுதிய பாட்டு இது! முதலில் மூவர் குழுவாக மட்டும் பதிவு செய்தார்கள். கோலுக்குத் திருப்தியில்லை. வயலின்கள் வேண்டும் என்று கேட்டு மறுபடி பதிவு செய்தார். வெளிவந்தது அந்த இரண்டாவது பதிவுதான். மூவர் குழுவுக்குள் வயலின் நுழைந்த அந்த நாளை ஒரு திருப்பம் என்றே சொல்லலாம்.

அடுத்து 'நேச்சர் பாய்'. ஈடன் ஆபெஸ் என்ற, நீண்ட தலைமுடியும் தாடியுமாகத் திறந்தவெளியில் வாழ்ந்த ஒரு விசித்திர மனிதர், அரங்குக்கு வந்து கோலின் ஆட்களிடம் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தில் இருந்த பாட்டு. 1948ல் அது எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. 1950ல் 'மோனா லிசா' இன்னொரு எட்டு வாரம். அதன் இசையமைப்பாளர்களுக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. 1951ல் 'டூ யங்'. அதே சமயத்தில் 'அன்ஃபர்கெட்டபிள்'. இதற்குள் கிங் கோல் டிரியோ என்ற பெயர் பின்னுக்குப் போய், நாட் கிங் கோல் என்ற தனி மனிதர் மேடையின் நடுவில் நின்றார். உட்கார்ந்து வாசித்தவர் எழுந்து நின்று பாடினார். பியானோ ஓரமாகப் போனது.

ஜாஸ் விமர்சகர்கள் விடுவார்களா? "கலையை விற்றுவிட்டார்" என்றார்கள். அதற்குக் கோல் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: விமர்சகர்கள் காசு கொடுத்து ரிக்கார்டு வாங்குவதில்லை, அவர்களுக்கு ஓசியில் போகிறது! சும்மா சொல்லக்கூடாது, பதில் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் விமர்சகர்களின் கேள்வியையும் நாம் அலட்சியம் செய்ய முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பணம் வாங்க முடியாத மரியாதை

புகழ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். கோலின் வாழ்க்கை அதைப் பொய்யாக்குகிறது. முதல் திருமணம் முறிந்தபின் 1948ல் மரியா என்ற பாடகியை மணந்தார். அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் ஹான்காக் பார்க் என்ற வசதியானவர்கள் வாழும் பகுதியில் வீடு வாங்கினார்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வருடம் மே மாதம்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தீர்ப்பு வந்தால் மனசு மாறிவிடுமா? வேண்டாதவர்கள் இங்கே குடிவருவதை நாங்கள் விரும்பவில்லை என்று அக்கம்பக்கத்தார் வந்து சொன்னார்கள். "எனக்கும்தான் விருப்பமில்லை. அப்படி யாராவது வந்தால் முதல் ஆளாக உங்களிடம் புகார் சொல்கிறேன்" என்கிற தோரணையில் கோல் பதில் சொன்னார். புல்தரையில் வசைச்சொல்லை எரித்து எழுதினார்கள். வளர்த்த நாய்க்கு விஷம் வைத்தார்கள். ஆனாலும் குடும்பம் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

1956 ஏப்ரல் மாதத்தைப் பாருங்கள். அந்த மாதம்தான் ஹாலிவுட்டில் கேப்பிட்டல் கம்பெனியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பதின்மூன்று மாடி, வட்ட வடிவம், இசைத்தட்டுகளை அடுக்கி வைத்ததுபோல் தோற்றம். உச்சியில் இருக்கும் விளக்கு மோர்ஸ் குறியீட்டில் 'ஹாலிவுட்' என்று மினுக்கும். நிலத்தடியில் கான்கிரீட் எதிரொலி அறைகள் உண்டு. பாடகரின் குரலை ஒலிபெருக்கி வழியாக அந்த அறைக்குள் அனுப்பி, அங்கே சுவரில் மோதித் திரும்பும் ஓசையை ஒலிவாங்கியால் பிடித்து, அசல் குரலோடு கலப்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத நாளில் குரலுக்கு ஆழம் கொடுத்த தந்திரம் இது. கோலின் இசைத்தட்டு விற்பனை கம்பெனியை அவ்வளவு தூக்கி நிறுத்தியதால் 'நாட் கட்டிய வீடு' என்றே அந்தக் கட்டடத்துக்குப் பட்டப்பெயர்.

அதே மாதம் 10ஆம் தேதி. இடம் பர்மிங்காம், அவர் பிறந்த அதே அலபாமா மாநிலம். வெள்ளையர் மட்டும் அமர்ந்திருந்த அரங்கு. அவர் பாடிக்கொண்டிருக்கும்போது நிறவெறியர்கள் சிலர் மேடைமீது பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். போலீஸ் வந்து பிடித்தது. முதுகில் அடி. திரும்ப மேடைக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் அவரால் அந்தக் கச்சேரியைத் தொடர முடியவில்லை. அன்றிரவே கறுப்பின மக்களுக்கான இரண்டாவது காட்சி இருந்தது. வலியோடு போய் அதைப் பாடிக் கொடுத்தார்.

அடித்தவர்கள் ஒரு பக்கம் என்றால், அடுத்த அடி சொந்த ஜனங்களிடமிருந்து வந்தது. பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் நீ ஏன் பாடப் போனாய் என்று கறுப்பினப் பத்திரிகைகள் கேட்டன. அவருடைய மாண்ட்கோமரியில்தான் அப்போது பஸ் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சாதாரண ஜனங்கள் மாதக்கணக்கில் வேலைக்கு நடந்தே போனார்கள். அந்த நேரத்தில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். தனக்கு அறை மறுத்த ஓட்டல்மீது முன்பே வழக்குப் போட்டவர் கோல். ஆனாலும் மேடையை அரசியலிலிருந்து விலக்கி வைக்கலாம் என்று நம்பியிருந்தார். பர்மிங்காமுக்குப் பிறகு அந்த நம்பிக்கை தேறவில்லை. கறுப்பின உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் அந்த ஆண்டே ஆயுள் உறுப்பினரானார்.

அதே 1956 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'நாட் கிங் கோல் ஷோ' தொடங்கியது. தேசிய அளவில் கறுப்பினத்தவர் ஒருவர் முன்னின்று நடத்திய முதல் நிகழ்ச்சிகளில் அது ஒன்று. எல்லா ஃபிட்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே, டோனி பெனட் போன்ற நட்சத்திரங்கள் பலர், சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கே வந்து பாடிக் கொடுத்தார்கள். ஆனால் நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. தென் மாநிலங்களில் சரக்கு விற்காமல் போகுமோ என்ற பயம்! 1957 டிசம்பரில் கோலே நிகழ்ச்சியை நிறுத்திக்கொண்டார். விளம்பரக் கம்பெனிகளின் வீதிக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று அவர் சிலேடையாகச் சொன்னது இன்றும் பேசப்படுகிறது.

பியானோ எங்கே போயிற்று?

இப்போது விமர்சகர்களின் கேள்விக்கு வருவோம். நான் சங்கீதம் முறையாகப் படித்தவனில்லை, கேட்டு ரசிப்பவன்தான். கேட்டவரையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோலின் குரல் பெரிய குரல் இல்லை. எட்டூருக்குக் கேட்கும் கம்பீரம் கிடையாது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று, ஒருவரிடம் பேசுவதுபோல் பாடுவார். சொல் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி துல்லியமாக விழும். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்று, கடைசி நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வார். இதெல்லாம் பாடகர் பள்ளியில் வந்த பழக்கமில்லை. டிரம் இல்லாத குழுவில் தாளத்தைத் தோளில் சுமந்த பியானோக்காரரின் பழக்கம். எங்கே நிறுத்துவது என்று வலது கைக்குத் தெரிந்திருந்தது குரலுக்கும் தெரிந்துவிட்டது.

சந்தேகம் இருப்பவர்கள் 'ஆஃப்டர் மிட்நைட்' ஆல்பத்தைக் கேளுங்கள். 1956ல் பதிவாகி 1957ல் வந்தது. வயலின் கூட்டத்தையெல்லாம் அனுப்பிவிட்டு, ஹாரி எடிசனின் டிரம்பெட், ஸ்டஃப் ஸ்மித்தின் வயலின் என்று பழைய ஜாஸ் நண்பர்களோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாடினார். விரல் துருப்பிடிக்கவே இல்லை. அந்தக் கடினமான வருடத்தில் அவர் பியானோவிடம் திரும்பிப் போனார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்காக நஷ்டமே இல்லை என்று சப்பைக்கட்டுக் கட்ட நான் தயாரில்லை. கடைசிப் பத்து வருடங்களில் அவர் பியானோவை முதன்மையாக வைத்து எத்தனை பதிவுகள் செய்திருக்கலாம்! அவை நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. 1958ல் ஹவானாவில் ஸ்பானிஷ் பாட்டுகள் பதிவு செய்தார். மொழி தெரியாது, உச்சரிப்பை மட்டும் மனப்பாடம் செய்து பாடினார். 1962ல் 'ராம்ப்ளின் ரோஸ்' என்று கிராமிய மெட்டிலும் வெற்றி பெற்றார். ஒவ்வொரு வெற்றியும் அவரைப் பியானோவிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனது. லாபமும் உண்மை, நஷ்டமும் உண்மை. இரண்டையும் ஒரே பேரேட்டில்தான் எழுத வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிகரெட். விடாமல் புகைத்தார். குரலின் அந்தக் கனத்துக்குப் புகைதான் காரணம் என்று அவர் நம்பினார். 1964 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் கடைசி ஆல்பத்தின் பதிவை முடித்திருந்தார். 1965 பிப்ரவரி 15ஆம் தேதி சாண்டா மோனிகாவில் காலமானார். வயது 45. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று ஊதும் ஜூனியர்களுக்கு அண்ணன் என்ற முறையில் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த 45 என்ற எண்ணை மட்டும் ஒரு தரம் பாருங்கள்.

1991ல் மகள் நடாலி கோல், அப்பாவின் பழைய ஒலிநாடாவில் இருந்த குரலோடு தன் குரலைச் சேர்த்து 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டை இருவர் பாடும் பாட்டாக வெளியிட்டார். அப்பா இறந்து இருபத்தாறு வருடம் கழித்து! அடுத்த ஆண்டு கிராமி விருதுகளை அது அள்ளிக்கொண்டது. நடாலியும் 2015 டிசம்பர் 31 அன்று காலமானார். 'தி கிறிஸ்மஸ் சாங்' பாட்டின் 1961ஆம் ஆண்டுப் பதிவை, பாதுகாக்கப்பட வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2022ல் சேர்த்தது. இப்போதும் டிசம்பர்தோறும் உலகம் கேட்பது அந்த 1961 பதிவைத்தான்.

அடுத்த முறை அந்தப் பாட்டு எங்காவது காதில் விழுந்தால், குரலை ஒரு நிமிடம் விட்டுவிட்டு, நடுவே கேட்கும் பியானோவைக் கவனியுங்கள். முடிந்தால் அதோடு நிற்காமல், 1940களின் கிங் கோல் டிரியோ பதிவு ஒன்றையும் தேடிக் கேளுங்கள். மூன்றே பேர், டிரம் கிடையாது. அங்கே உட்கார்ந்திருப்பவரைத்தான் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த நினைத்தேன்.